சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

என் மாமியார் அடிக்கடி சொல்லும் பழமொழி இது. இதன் அர்த்தத்தை எனக்கு நன்றாகப் புரிய வைத்தது எங்கள் வீட்டு பிரிண்டர்தான். என்னைப் போல் இன்னொரு சகோதரி ஏமாந்து போகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் பிளஸ் டூ வரை படித்தவள். கணவர் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஒரு மகள், ஒரு மகன். 2021-ல் ஊரடங்கு நேரத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. பாடம், பயிற்சித்தாள் எல்லாம் செல்போனில்தான் வரும். ஜெராக்ஸ் கடையும் பூட்டிக் கிடந்தது. சின்ன ஸ்கிரீனைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளுக்குக் கண் எரிச்சல். அந்த ஜூலை மாதம் சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் 3,800 ரூபாய் கொடுத்து ஒரு பிரிண்டர் வாங்கினோம். பிரிண்ட் எடுக்கும், ஜெராக்ஸ் எடுக்கும், ஸ்கேனும் செய்யும். "மூணு மெஷின் ஒரே மெஷின்ல, இந்த விலைக்கு எங்கே கிடைக்கும்?" என்று என் கணவருக்கு ஒரே பெருமை.

குறை மட்டும் சொன்னால் பாவம். அந்த நாலைந்து மாதம் அது எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது. ஆனால் மெஷினோடு வந்த மை மூன்றாவது மாதமே தீர்ந்துவிட்டது. புது மெஷினோடு கொடுக்கும் கார்ட்ரிட்ஜில் பல நேரம் மை குறைவாகத்தான் இருக்குமாம். அது எனக்கு அப்போது தெரியாது. கறுப்பு கார்ட்ரிட்ஜ் 850 ரூபாய், கலர் 1,050 ரூபாய் என்று கடையில் சொன்னதும் திக்கென்றது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்பில் இருந்த மை 4 மில்லி. தாளிப்புக் கரண்டியில் ஊற்றினால் அடி கூட நனையாது. ஒரு மில்லி 200 ரூபாய்க்கு மேல் ஆகிறது. லிட்டர் கணக்கில் பார்த்தால் 2 லட்சத்தைத் தாண்டும்!

மெஷின் வாங்கியது சீட்டுப் பணத்தில். மை வாங்குவது எதில்? மளிகைப் பணத்தில்தான். பருப்பில் அரை கிலோ, எண்ணெயில் கால் லிட்டர் என்று குறைத்துக் குறைத்து அந்த மெஷினுக்குத் தீனி போட்டேன்.

இதில் வேறு கூத்துகளும் உண்டு. கலர் கார்ட்ரிட்ஜில் நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றும் ஒரே டப்பாவுக்குள் இருக்கும். என் மகன் எப்போதும் கடல், வானம், கப்பல் என்றே படம் எடுப்பான். நீலம் மட்டும் தீர்ந்து போகும். மற்ற இரண்டும் உள்ளே இருக்க, மொத்த டப்பாவையும் தூக்கிப் போட வேண்டும். என் நாத்தனார் வீட்டில் நாலு கலருக்கும் தனித்தனி கார்ட்ரிட்ஜ். நல்லதுதான் என்று நினைத்தேன். "எங்கே மதினி, மஞ்சள் தீர்ந்துட்டா கறுப்பு எழுத்தும் வராதுன்னு அடம் பிடிக்குது" என்று அவள் புலம்புகிறாள்.

போதாததற்கு என் கணவர் தினமும் ராத்திரி மெஷினை அணைக்காமல், சுவரில் இருக்கும் சுவிட்சை மட்டும் அணைத்துவிடுவார். கரண்ட் மிச்சமாம்! மெஷினிலேயே இருக்கும் பட்டனை அமுக்கி அணைத்தால்தான் மை வரும் முனை தன் மூடிக்குள் போய் உட்காரும். சுவர் சுவிட்சை அணைத்தால் முனை திறந்தபடியே நின்று காய்ந்து போகும். அப்புறம் 'கிளீனிங்' கொடுக்க வேண்டும். அந்த கிளீனிங்குக்கும் நம் மைதான் செலவாகும். மே மாதம் லீவுக்கு ஊருக்குப் போய் வந்தால், ஒரு பக்கம் கூட எடுக்காமலே பாதி மை போன மாதிரிதான்.

அக்கம்பக்கத்துக் கதை தனி. அந்தக் காலத்தில் தெருவில் ஒரு வீட்டில் போன் இருந்தால் தெருவே வந்து நிற்கும் இல்லையா, அதே கதைதான். "ஒரே ஒரு ஆதார் காப்பி தங்கச்சி, கலர்ல குடுத்துடேன்" என்பார் எதிர் வீட்டு அக்கா. காசு கேட்டால் முகம் கோணும். கேட்காவிட்டால் என் பர்ஸ் கோணும்.

இதெல்லாம் கூடப் போகட்டும் சகோதரிகளே. என்னை உலுக்கியது வேறு ஒரு சம்பவம்.

2023 ஜூலை மாதம் என் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அப்போது அவள் ஏழாம் வகுப்பு. அவளுடைய டீச்சர் என்னிடம், "உங்க வீட்டு பிரிண்டர் ரிப்பேர் இன்னும் சரியாகலையா? பறவைகள் புராஜெக்ட்டுக்கு எல்லாரும் படம் ஒட்டியிருக்காங்க, இவ மட்டும் ஒண்ணும் ஒட்டலையே" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மெஷின் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அவளைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "நான் பிரிண்ட் கேட்டா, இங்க் தீர்ந்துடும்னு நீ கத்துவேம்மா. அதான் ரிப்பேர்னு சொல்லிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளைகள் படிப்புக்கு என்று வாங்கிய மெஷின். அதன் மைக்குப் பயந்து என் பிள்ளை டீச்சரிடம் பொய் சொல்லியிருக்கிறாள். அவளைப் பொய் சொல்ல வைத்தது நான்தானே? யோசித்துப் பார்த்தால் "கலர் வேண்டாம்", "சின்னதா எடு", "இது அவசியமா?" என்று இரண்டு வருஷமாக நான் கத்தாத நாளே இல்லை.

அந்த வாரம் என் அப்பா வந்திருந்தார். எனக்குப் பிறந்த ஊர் சிவகாசி. அப்பா ஆப்செட் பிரஸ்ஸில் 30 வருஷம் மெஷின்மேனாக இருந்தவர். மையை கிலோ டப்பாவில் பார்த்துப் பழகிய மனுஷர். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னையும் திட்டவில்லை, மெஷினையும் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஒரு தாளுக்கு என்ன அடக்கம் வருது தாயி?"

நான் முழித்தேன். "அடக்கம் பாக்காம எந்த முதலாளியும் மெஷின் வாங்க மாட்டாரு. மெஷினைக் கம்மி விலைக்குக் குடுத்துட்டு, மையில காசைப் பிடிக்கிறது அவங்க வியாபாரம். கணக்குப் பாக்க வேண்டியது நாமதானே?" என்றார்.

கணக்கு நோட்டை எடுத்தேன். இரண்டு வருஷத்தில் கறுப்பு 5, கலர் 4. மைக்கு மட்டும் 8,450 ரூபாய். பேப்பர் ஒன்றரைக் கட்டு, அதாவது 750 தாள், 420 ரூபாய். மெஷின் 3,800. ஆக மொத்தம் 12,670 ரூபாய். ஒரு தாளுக்குக் கிட்டத்தட்ட 17 ரூபாய்! எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் கறுப்பு 5 ரூபாய், கலர் 10 ரூபாய். அதே 750 தாளில் 250 கலர் என்று வைத்துக்கொண்டாலும் 5,000 ரூபாயோடு முடிந்திருக்கும். மூணு மெஷினை ஒரே விலைக்கு வாங்கிய பெருமை அன்றோடு போயிற்று.

"அப்போ டேங்க் மெஷின் வாங்கிடலாமா?" என்றார் என் கணவர். பாட்டில் மையை நாமே ஊற்றிக்கொள்ளும் மெஷின் அது. விலை 12,000 ரூபாய் போல வரும். ஆனால் ஒரு பாட்டிலில் ஆயிரக்கணக்கான பக்கம் வருமாம். தாளுக்குப் பைசாக் கணக்குதான். இந்த முறை நான் அவசரப்படவில்லை. எங்களுக்கு மாதம் 30 தாள்தான் ஆகிறது. அதற்கு எதற்கு 12,000? அதிகம் ஓட்டாமல் வைத்தால் அதிலும் முனை காய்ந்து போகும். அதே சமயம், பின் வீட்டில் டியூஷன் எடுக்கும் அக்காவுக்கு மாதம் 300 தாள் வேண்டும். கடையில் கொடுத்தால் மாதம் 1,500 ரூபாய். அவருக்கு டேங்க் மெஷின்தான் சரி என்று நானே சொன்னேன். ஒரு வருஷத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும்.

எங்கள் வீட்டில் வேறு ஏற்பாடு செய்தோம். மாதா மாதம் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் 200 ரூபாய் போட்டு வைக்கிறேன். பிரிண்ட் வேண்டுமென்றால் பிள்ளைகள் என்னைக் கேட்கவே வேண்டாம். எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். முதல் மாதமே என் மகள் மயில், மீன்கொத்தி, கொக்கு என்று ஏழு கலர் படம் எடுத்து வந்தாள். பழைய மெஷின் ஸ்கேன் எடுக்க மட்டும் இருக்கிறது. எங்களுடையது மை இல்லாமலே ஸ்கேன் செய்கிறது. சில மெஷின் அதற்கும் மை கேட்குமாம்.

ஆகவே சகோதரிகளே, பிரிண்டர் என்று இல்லை, எந்த மெஷின் வீட்டுக்குள் வந்தாலும் வாங்கும் செலவு ஒரு நாள், ஓட்டும் செலவு தினம் தினம். வாங்குவது பெரும்பாலும் வீட்டுக்காரர், தீனி போடுவது நாம். கடைக்குப் போகும்போது நாமும் கூடப் போக வேண்டும். மை என்ன விலை, அதில் எத்தனை பக்கம் வரும் என்று கேட்டு, விலையைப் பக்கத்தால் வகுத்துப் பாருங்கள். மாதம் எத்தனை தாள் வேண்டும் என்று வீட்டிலேயே எண்ணிக்கொண்டு போங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். கத்தரிக்காய் வாங்கும்போது சொத்தை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறோமே, அது மாதிரிதான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், மெஷின் பட்டனை அமுக்கி அணைத்த பிறகே சுவர் சுவிட்சைத் தொடுங்கள். வாரம் ஒரு முறை சின்னதாக ஒரு கலர் பக்கம் எடுங்கள், காயாது. வெறும் எழுத்து என்றால் 'டிராஃப்ட்' வைத்து எடுங்கள், மை மிச்சமாகும்.

எல்லாவற்றுக்கும் மேலே, மையை மிச்சம் பிடிக்கிறேன் என்று பிள்ளைகளின் வாயை அடைத்துவிடாதீர்கள். கார்ட்ரிட்ஜ் தீர்ந்தால் கடையில் வாங்கலாம். அம்மாவிடம் கேட்கலாம் என்கிற தைரியம் பிள்ளைக்குப் போய்விட்டால், அதை எந்தக் கடையில் வாங்குவது?

— ஒரு இல்லத்தரசி, மதுரை