“மெதுவா பேசும்” என்று காத்திருக்காதீங்க!

குழந்தைக்கு இரண்டு வயது ஆகியும் பேச்சு வரவில்லை என்றால், நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான். “அவங்கப்பனே நாலு வயசுலதான் பேசினான். ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும். பொறுமையா இரு!”

சகோதரிகளே, வேறு எந்த விஷயத்திலும் பொறுமை நல்லதுதான். ஆனால் காது கேளாத குழந்தைக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல் இந்தப் பொறுமைதான் என்பது என் கருத்து.

பேச்சு வாயில் ஆரம்பிப்பதாக நினைக்கிறோம். அது காதில்தான் ஆரம்பிக்கிறது. வயிற்றில் இருக்கும் கடைசி மாதங்களிலேயே குழந்தை அம்மாவின் குரலைக் கேட்கிறது. பிறந்த பிறகு ஒரு வருடம் கேட்டுக் கேட்டுத்தான் முதல் வார்த்தை வருகிறது. முதல் மூன்று வருடங்களில் மூளை மொழியைப் பிடிக்கிற வேகம் பிறகு வருவதில்லை. காது கேளாத பிள்ளைக்கு அந்த மூன்று வருடமும் நம் “பொறுமை”யிலேயே கரைந்து போகிறது.

எங்கள் தெருவில் ஒரு பையன். கூப்பிட்டால் திரும்பமாட்டான். “விளையாட்டு புத்தி” என்றார்கள். பாட்டி அவன் முதுகுக்குப் பின்னால் தாம்பாளத்தைத் தட்டிப் பார்த்தார், திரும்பினான். “பாத்தியா, காது நல்லாத்தான் கேக்குது!” என்று முடித்துவிட்டார்கள். வசம்பை உரசி நாக்கில் தடவினார்கள். நாலு வயது நெருங்கும்போதுதான் டெஸ்ட் எடுத்தார்கள். இரண்டு காதிலும் குறைபாடு. இன்று அவனுக்கு ஆறு வயது. மெஷின் போட்டு, பயிற்சிக்குப் போய், இரண்டு இரண்டு வார்த்தையாகச் சேர்த்துப் பேசுகிறான். அவன் வயதுப் பிள்ளைகள் வாய் ஓயாமல் கதை சொல்கிறார்கள். அந்தத் தாய் அலையும் அலைச்சலைப் பார்த்தால் மனசு கனக்கிறது.

தட்டைத் தட்டிப் பார்ப்பது டெஸ்ட் ஆகாது. தரையின் அதிர்விலோ, நம் நிழல் அசைவதைக் கண்டோகூட குழந்தை திரும்பும். பட்டாசுக்குத் திடுக்கிடும் குழந்தைக்கு “சட்டை”யில் உள்ள “ச” கேட்காமல் இருக்கலாம். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் “ங்கா... ஆ...” என்று சத்தம் போடும். அதைக் கேட்டு ஏமாறக் கூடாது. ஆறு, ஏழு மாதத்தில் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பவில்லை, பத்து மாதம் ஆகியும் “பாபா”, “மாமா” என்று மழலை வரவில்லை என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

இதற்கான டெஸ்டில் ஊசி கிடையாது, வலி கிடையாது. தூங்கும் குழந்தையின் காதில் சின்ன அடைப்பான் வைத்துப் பார்ப்பது ஒன்று, அதற்கு ஓ.ஏ.இ. என்று பெயர். தலையில் சின்ன ஒயர்களை ஒட்டிப் பார்ப்பது இன்னொன்று, அது பெரா. பிறந்த குழந்தைக்கே செய்யலாம். ஒரு மாதத்துக்குள் முதல் டெஸ்ட், மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் மெஷினும் பயிற்சியும். இதுதான் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்த குழந்தைகள், பிறகு கண்டுபிடித்த குழந்தைகளைவிட மொழியில் நன்றாக முன்னேறியதை, அமெரிக்காவின் கொலராடோவில் நடந்து 1998ல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

எங்கள் ஊர்க்காரர்கள் மனக்குறை இருந்தால் கொளஞ்சியப்பர் கோவிலில் பிராது எழுதிக் கட்டுவோம். கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே கையோடு பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கும் போய் காது டெஸ்டை எடுத்துவிடுங்கள். முக்கியமாக மாமன் மகன், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டிய வீடுகளில் இந்தக் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். பழியை மட்டும் மருமகள் தலையில் போடாதீர்கள். பரம்பரையாக வரும் காது கேளாமை பெரும்பாலும் அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் சேர்ந்து வருவதுதான்.

மெஷின் வாங்கி மாட்டியதோடு வேலை முடிந்ததா என்றால், அங்கேதான் ஆரம்பம். காக்ளியர் ஆபரேஷனுக்கும் இதேதான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதைச் செய்கிறார்கள். ஆபரேஷன் சத்தத்தைத்தான் கொடுக்கும். அந்தச் சத்தத்துக்கு அர்த்தத்தைக் கொடுப்பது வீடுதான். “யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க” என்று விசேஷத்துக்குப் போகும்போது மெஷினைக் கழற்றி வைக்கிறார்கள் சிலர். விழித்திருக்கும் நேரமெல்லாம் அது காதில் இருக்க வேண்டும்.

இன்னொரு தவறு, “அதுக்குத்தான் காது கேக்காதே, என்ன பேசறது?” என்று வீடே மௌனமாகிவிடுவது. இந்தப் பிள்ளையிடம்தான் அதிகம் பேச வேண்டும். டி.வி.யை நிறுத்துங்கள். குழந்தையின் கண்மட்டத்துக்குக் குனிந்து, உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காருங்கள். வெங்காயம் உரிக்கும்போது, “இது வெங்காயம். அம்மா தோலை உரிக்கிறேன். உஸ்... கண்ணு எரியுது!” என்று முழு வாக்கியமாகப் பேசுங்கள். பேசிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். அது கையை நீட்டினாலும் முகத்தைச் சுளித்தாலும் அதுவே பதில். இதற்குப் படிப்பு வேண்டாம், பணம் வேண்டாம். சென்னையில் 1969ல் இருந்து சிறு குழந்தைகளுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுத்து வரும் பால வித்யாலயா பள்ளியில், தாயையும் வகுப்பில் குழந்தையோடு உட்கார வைத்துத்தான் சொல்லித் தருகிறார்கள். வீட்டில் முதல் டீச்சர் அம்மாதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

மெஷினால் அதிகப் பலன் கிடைக்காத குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு சைகை மொழிதான் மொழி. அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்பா, பாட்டி, அண்ணன் எல்லோரும் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். எந்த மொழியும் இல்லாமல் பிள்ளையைத் தனியே விடுவதுதான் பாவம். “ஊமை” என்று பெயர் வைத்துக் கூப்பிடுவது அதைவிடப் பாவம்.

எங்கள் ஊர் செராமிக் ஊர். பொம்மை வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தெரியும். மண் குழைவாக இருக்கும்போதுதான் மூக்கும் முழியும் வரும். சூளைக்குப் போன பிறகு எவ்வளவு பாடுபட்டாலும் வர்ணம்தான் பூசலாம். பிள்ளைகள் மண் இல்லைதான். நாலு வயதுக்குப் பிறகும் கற்கும். ஆனால் நாலு மடங்கு பாடுபட்டுக் கற்க வேண்டியிருக்கும்.

பிரசவம் ஆனதும் எடை என்ன, நிறம் என்ன, யார் ஜாடை என்று கேட்கிறோம். “காது டெஸ்ட் எடுத்தாச்சா?” என்றும் கேட்டால் என்ன? டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேளுங்கள். விட்டுப்போனால், ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போகும்போதாவது கேளுங்கள். வளைகாப்புக்குப் போகும் வீட்டில், வளையல் போடும் கையோடு இந்த ஒரு வார்த்தையையும் அந்தப் பெண்ணின் காதில் போட்டுவிட்டு வாருங்கள்.

செய்வீர்களா, சகோதரிகளே?

– ஓர் இல்லத்தரசி, விருத்தாசலம்.