பறை வாசித்தவர் பெயர் எங்கே?

1976இல் 'அன்னக்கிளி'யோடு திரைக்கு வந்தவர் பண்ணைப்புரத்து இளையராஜா. 2023இல், எண்பதைத் தொடும் வயதில், 'மாடர்ன் லவ் சென்னை' இணையத் தொடரின் இசையை மகன் யுவன், ஜி.வி.பிரகாஷ், ஷான் ரோல்டன் ஆகியோரோடு பகிர்ந்துகொண்டார். நமக்கு மகிழ்ச்சிதான். பாடல் உரிமைக்காக அவர் நீதிமன்றம் போனால் மட்டும் பேராசை என்கிறார்கள். ஏசுகிறவர்கள் தங்கள் நிலத்துப் பட்டாவைச் சும்மா கொடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

அந்தப் பாடல்களில் பறை வாசித்தவர் யார்? கைப்பேசித் திரையில் பெரும்பாலும் இசையமைப்பாளர், பாடகர் பெயரோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தமோ, வணிகப் பயன்பாட்டில் நிகழ்த்தும் கலைஞருக்கும் உரிமைத்தொகை உண்டு என்கிறது. சேரியிலிருந்து ஒலிப்பதிவுக்குப் போகும் நம் பிள்ளைகள் அன்றைய கூலியோடு திரும்ப வேண்டாம். பெயரையும் பங்கையும் எழுத்தில் கேளுங்கள்.