கடலடிக் குழாயும் கழனிக்கு வரும் மூட்டையும்

நடுக்கடலில் நெருப்பு கொதிக்கும் அந்தக் காணொளி பலருக்கு நினைவிருக்கும். 2021 ஜூலை 2, மெக்சிகோ வளைகுடா. பெமெக்ஸ் எண்ணெய் நிறுவனத்தின் 12 அங்குலக் கடலடிக் குழாயில் கசிந்த எரிவாயு மேலே வந்து பற்றிக்கொண்டது. படகுகள் சுற்றி நின்று தண்ணீர் பீய்ச்சின. கடலே அணைக்காத தீயை இவர்களா அணைப்பார்கள் என்று உலகம் சிரித்தது. சிரித்ததில் நியாயம் இருந்தது. எரிவாயுத் தீ வரத்து நின்றால்தான் நிற்கும். வால்வுகளை மூடி, நைட்ரஜன் செலுத்தி அதை அடக்க ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று.

நம் நாட்டில் நடந்தது இதைவிடக் கொடுமை. 2005 ஜூலை 27 அன்று பம்பாய் ஹை எண்ணெய் வயலில், விரல் வெட்டுப்பட்ட ஒரு சமையல்காரரை எண்ணெய் எடுக்கும் மேடைக்கு மாற்ற வந்த கப்பல், கடலடியிலிருந்து மேலேறும் எரிவாயுக் குழாயில் மோதியது. இரண்டே மணி நேரத்தில் மேடை முழுதும் எரிந்து கடலில் விழுந்தது. 22 பேர் திரும்பவில்லை.

இதெல்லாம் கடலோரத்துக்காரர்கள் பாடு, மலையடிவாரத்தில் இருக்கும் திருவண்ணாமலைக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். அதற்குப் பதில் சென்னையை அடுத்த எண்ணூரில் இருக்கிறது.

2023 டிசம்பர் 26. சுனாமி நினைவு நாள் முடிந்து நள்ளிரவை நெருங்கும் நேரம். பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணும் தொண்டையும் எரிந்து விழித்தார்கள். கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து திரவ அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்திருந்தது. தீப்பிடிக்கவில்லை, அவ்வளவுதான் ஆறுதல். எந்தப் பக்கம் ஓடுவது என்று சொல்ல ஆளில்லாமல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவிலும் பைக்கிலும் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அந்த மாதத் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயல் பாறைகளைப் புரட்டியதில் குழாய் சேதமடைந்திருக்கலாம் என்று ஆய்வுக் குழு கருதியது. அதே புயல் வெள்ளத்தில்தான் மணலியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்து மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்திருந்தது. ஒரே மாதத்தில் இரண்டு அடி.

அந்த அமோனியா எங்கே போகிறது? உரமாகிறது. ஆரணி, போளூர், கலசப்பாக்கம் பக்கம் நெல்லுக்கும் மல்லாட்டைக்கும் அடியுரமாக நாம் போடும் காம்ப்ளக்ஸ், டி.ஏ.பி. போன்றவற்றுக்கு முக்கிய மூலப்பொருள் அமோனியாதான். எந்த ஆலையின் மூட்டையாக இருந்தாலும் அதன் பின்னால் பெரும்பாலும் ஏதோ ஒரு துறைமுகமும் ஒரு குப்பமும் இருக்கின்றன. விளைச்சல் நம்முடையது, நள்ளிரவு ஓட்டம் அவர்களுடையது. இந்தக் கணக்கு நேரானதல்ல.

ஆனால் பொறுப்பு எல்லோருக்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் தப்பிக்கப்போவது ஆலைதான். எனவே வரிசை வேண்டும். முதல் ஆள் குழாயின் உடைமையாளர். புயல் ஓய்ந்தபின் முக்குளிப்பவர்களை இறக்கி முழுக் குழாயையும் பார்க்காமல் அதில் ஒரு சொட்டு அமோனியாகூட ஓடக் கூடாது. அடுத்தது அரசு. ரசாயன ஆபத்து பற்றிச் சுற்றியுள்ள மக்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு விதிகளும், மாவட்ட அளவிலும் உள்ளூர் அளவிலும் நெருக்கடிக் குழுக்கள் வேண்டும் என்று 1996ஆம் ஆண்டு விதிகளும் சொல்கின்றன. போபாலில் செத்தவர்களின் பெயரால் எழுதப்பட்டவை இவை. ஈரத்துணியால் மூக்கை மூடு, காற்றுக்குக் குறுக்கே நட என்ற இரண்டு வாக்கியம்கூட குப்பத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அந்த விதிகள் யாருக்காக? எண்ணூர்க் கசிவுக்காகப் பசுமைத் தீர்ப்பாயத்தில் பேசப்பட்ட 5.92 கோடி ரூபாய் இழப்பீடு, நடந்துபோனதற்கான கணக்கு. நடக்காமல் பார்ப்பதற்கு இன்னும் கணக்கு எழுதப்படவில்லை.

ஆலையை மூடு என்கிறார்கள் எண்ணூர் மீனவர்கள். நாகூர் பட்டினச்சேரியில் 2023 மார்ச்சில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தபோதும் குழாயையே எடு என்றார்கள். அதைப் பிடிவாதம் என்று நான் சொல்லமாட்டேன். பாதுகாப்பு என்று சொன்னவர்களை நம்பி ஏமாந்தவர்கள் கேட்பது அது. ஆலைத் தொழிலாளிக்கு வேலை வேண்டும், உழவருக்குப் பருவத்தில் உரம் வேண்டும். மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஒன்றிலாவது ஒத்துப்போகலாம்: குழாய் சோதனை அறிக்கை தமிழில் வெளிவரட்டும், குப்பத்துப் பிரதிநிதி கையெழுத்திட்ட பிறகே கப்பல் குழாயோடு இணையட்டும். அதற்கு ஆகும் செலவு உர விலையில் ஏறினால் நாம் முணுமுணுக்கக் கூடாது. மண் பரிசோதனை செய்யாமல் கைபோன போக்கில் உரம் கொட்டும் பழக்கத்தை விட்டாலே அந்தச் செலவில் ஒரு பகுதி மிஞ்சும்.

நமக்கு முன்னேற்பாடு தெரியாததல்ல. கார்த்திகை தீபத்துக்கு வரும் லட்சக்கணக்கானோருக்குத் தண்ணீர், மருத்துவ முகாம், தீயணைப்பு வண்டி, வழித்தடம் என்று மாதக்கணக்கில் திட்டமிடும் ஊர் இது. தீபத்துக்குத் தேதி தெரியும், கசிவுக்குத் தெரியாது. தேதி தெரியாத ஆபத்தின் விலையை 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலை சரிந்து ஏழு உயிர் போனபோது வ.உ.சி. நகரில் கண்டோம். அமோனியாவும் எண்ணூரில் மட்டும் இருப்பதல்ல. பெரிய பால் பதனிடும் நிலையங்களிலும் ஐஸ் தொழிற்சாலைகளிலும் குளிரூட்டுவது பெரும்பாலும் அதுதான்.

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போகிறவர்கள் இன்னொரு தாளும் எடுத்துச் செல்லுங்கள். நம் மாவட்டத்தில் எங்கெங்கே என்ன வாயு சேமிக்கப்படுகிறது, கசிந்தால் எந்தச் சங்கு ஊதும், யார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். உழவர் சங்கங்கள் தங்கள் அடுத்த தீர்மானத்தில் எண்ணூர்க் குப்பங்களின் கோரிக்கையையும் ஒரு வரியாகச் சேர்க்கட்டும்.