குடிகாரனுக்கு விஷம்

சாராயத்தைக் கொண்டு அடுப்பெரிக்கலாம், இயந்திரம் ஓட்டலாம் என்பது புதிய சங்கதியல்ல. ஆனால் எரிப்பதற்கென்று வடித்ததைக் குடிக்கவும் கூடுமாதலால், குடிக்க முடியாதபடி அதைக் கெடுத்துவிட்டே வெளியே விடவேண்டுமென்று சர்க்கார்கள் சட்டம் செய்திருக்கின்றன. கெடுப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. எதைக் கொண்டு கெடுப்பது என்பதுதான் நமது கேள்வி.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்குச் சட்டம் அமலில் இருந்தது. கள்ளச் சாராயக்காரர்கள் தொழிற்சாலைச் சாராயத்தைத் திருடி, மறுபடியும் வடித்து விற்றார்கள். இதைத் தடுக்க 1926 கடைசியில் சர்க்கார் செய்த யோசனை என்ன தெரியுமா? அதில் கலக்கும் மெத்தனால் என்னும் விஷத்தை இன்னும் கூட்டுவது! மெத்தனாலோ வாசனையிலும் ருசியிலும் நல்ல சாராயத்தைப் போலவே இருக்கும். வடித்தாலும் லேசில் முழுதும் பிரியாது. உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைக் குருடாக்கும், உயிரையும் வாங்கும். அவ்வருஷக் கிறிஸ்துமஸில் நியூயார்க்கில் பலர் மாண்டார்கள். அந்நகரத்துப் பிணப் பரிசோதனைத் தலைமை வைத்தியர் சார்லஸ் நாரிஸ், இச்சாவுகளுக்குச் சர்க்காரே பொறுப்பாளி என்று பகிரங்கமாகச் சொன்னார். மாதாகோயில்களின் ஆதரவு பெற்ற மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான வேய்ன் வீலரோ, இதைக் குடிப்பவன் வேண்டுமென்றே தற்கொலை செய்துகொள்கிறவன் என்றார். ஜீவகாருண்யம் பேசுகிறவர்களின் லட்சணம் இது! குடித்த குற்றத்திற்கு மரண தண்டனை என்று எந்தக் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று? அதுவும் பணமுள்ளவன் நல்ல சரக்கு வாங்கிக் குடித்துப் பிழைத்துக்கொண்டான்; மலிவுச் சரக்கைக் குடித்த ஏழையே செத்தான்.

இந்தப் பேச்சு அமெரிக்காவோடு ஒழிந்துவிடவுமில்லை. 2024 ஜூனில் நமது கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் கொன்றதும் இதே மெத்தனால்தான். அங்கே கலந்தது சர்க்காரல்ல, கள்ள வியாபாரிகள். செத்தவர்களில் அநேகர் கூலி வேலைக்காரர்கள். அப்போதும் “குடிகாரப் பயலுக்கு வேண்டியதுதான்” என்று சொன்ன உத்தமர்கள் உண்டு.

நிற்க, அதே அமெரிக்கா 1980-இல் ஒரு சட்டம் செய்து, குடியானவன் அனுமதி பெற்றுத் தன் நிலத்திலேயே எரிபொருளுக்காகச் சாராயம் வடிக்க வழி செய்தது. அதை வெளியே கொண்டு போகுமுன் 100 காலனுக்கு 2 காலன் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கலந்தால் போதும். மண்ணெண்ணெயும் நஞ்சுதான். ஆனால் அது ஒளிந்திருந்து கொல்வதில்லை. மூக்கருகே கொண்டு போனதுமே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். 1958-இல் ஸ்காட்லாந்தில் கண்டுபிடித்த டினாட்டோனியம் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. கடுகளவு கலந்தாலும் வாயில் வைத்தவன் துப்பிவிடுவான். இவ்வளவு வழிகள் இருக்கையில், எரிக்கிற சாராயத்தில் இன்னும் எதற்காக மெத்தனாலைக் கலக்கவேண்டும் என்று கேட்கிறோம்.