வயலை விற்று வளைவை வாங்குவதா?

தோழர்களே! பூவிருந்தவல்லியைக் கடந்து குத்தம்பாக்கம் நோக்கிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் செல்வோர் காண்பது என்ன? வயல்வெளிக்கு நடுவே வானை முட்டும் கல்லூரி வளைவுகள்! அவற்றுள் நன்கு கற்பிப்பன உண்டு, மறுப்பாரில்லை. ஆனால், வளைவைக் கண்ட மயக்கத்தில் வயலை விற்கத் துணிகிறாரே தந்தை, அந்த மயக்கத்தைத்தான் சாடுகிறோம்.

வெண்டைக்காய் வாங்கினாலும் நுனியை ஒடித்துப் பார்க்கும் மக்கள், நான்காண்டுப் படிப்பை விளம்பரம் பார்த்தா வாங்குவது? தரகன் சொல்வது ஓராண்டுக் கட்டணம். விடுதியையும் பேருந்தையும் தேர்வுக் கட்டணத்தையும் கூட்டி, நான்கால் பெருக்கிப் பார்த்தோர் எத்தனை பேர்? மகன் வகுப்பில் அமர்ந்திருக்கும்போதே வங்கிக் கடனுக்கு வட்டி ஏறுவதை எண்ணியவர் எத்தனை பேர்?

கல்லூரி இடங்களில் வகுப்புவாரி உரிமையை 1951 இல் உச்சநீதிமன்றம் வீழ்த்தியபோது தமிழகம் கொதித்தெழுந்தது. அவ்வாண்டே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. அப்படித் திறந்த கதவுக்கு முன்னால் இன்று சுங்கச்சாவடி போட்டுக் காத்திருக்கிறான் தரகன்!

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 ஆம் வகுப்புவரை பயின்றோர்க்குப் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் தந்தது 2021 ஆம் ஆண்டுச் சட்டம். அவ்வழிச் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதனை அறியாத குடும்பத்திடம், தேர்வு முடிவு வருமுன்பே முன்பணம் பறிக்கிறான் தரகன். பிறகு கலந்தாய்வு வருகிறது; "கட்டிய பணம் போய்விடுமே" என்று அஞ்சி, நிர்வாக ஒதுக்கீட்டிலேயே சேர்க்கிறார்கள். சில ஆயிரத்தைக் காக்கப் போய்ச் சில இலட்சங்களை இழக்கிறார்கள். இது விதியா? இல்லை; விவரம் அறியாமை!

செலவு ஒரு தட்டு எனில், பொருத்தம் மறுதட்டு. வரலாற்றில் வேட்கை கொண்ட பெண்ணைக் கணினிப் பிரிவில் தள்ளுவது ஏன்? அடுத்த வீட்டுப் பிள்ளை அதைப் படிக்கிறதாம்! சாதகக் கட்டத்தில் பாடப்பிரிவைத் தேடுவோரும் உளர். என் மாணவர்க்கு நான் சொல்வது இதுதான்: உன் கையும் அறிவும் எதை நாடுகின்றன என்று முதலில் பார்; கட்டடத்தைப் பிறகு பார். 1840 இல் தோன்றிய மாநிலக் கல்லூரியும், 1914 இல் தோன்றிய இராணி மேரிக் கல்லூரியும் அரசின் கல்லூரிகள், உங்கள் கல்லூரிகள்!

குத்தம்பாக்கத்து இளங்கோ வேதிப் பொறியியல் கற்றது சென்னை அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில். 1996 இல் ஊராட்சித் தலைவராகி, கற்றதை ஊருக்கே திருப்பித் தந்தார். படிப்பின் பயனை அளக்கும் கோல் அதுவன்றோ?

இளைஞர்களே! கோடைதோறும் படிப்பகத்தில் ஒரு மேசை போடுங்கள். வரும் பெற்றோரிடம் தாளும் எழுதுகோலும் தந்து, நான்காண்டுக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். கலந்தாய்வு முடியுமுன் காசு கட்டாதீர் என்று வீடுவீடாய்ச் சொல்லுங்கள். வளைவின் உயரம் வயலைத் தின்னாதிருக்க, கணக்கே காவல்!