முகத்தைத் தேய்க்காதீர்கள்!

பள்ளிக்கூடம் போகும் பெண் காலையில் கண்ணாடி முன் நிற்கிறாள். கன்னத்தில் ஒரு பரு. நேற்று இல்லை, இன்று இருக்கிறது! நகத்தால் கிள்ளுகிறாள். சீழ் வருகிறது. பிறகு இரத்தம் வருகிறது.

அம்மா பார்த்துவிட்டு, "எல்லாம் உடம்புச் சூடு. போய்ச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவு" என்கிறாள். பாட்டி, "பருவம் வந்தால் பருவும் வரும். ஒரு கலியாணம் ஆனால் சரியாகிவிடும்" என்கிறாள். பக்கத்து வீட்டு அக்காள், தான் பூசிக்கொள்ளும் சின்ன டியூபைக் கொண்டுவந்து கொடுக்கிறாள்.

மூன்று பேருக்கும் அந்தப் பெண்மேல் அன்புதான். ஆனால் பல வீடுகளில், பிள்ளைகளின் முகம் கெடுவதற்கு இந்த மூன்று யோசனைகளே காரணமாகிவிடுகின்றன.

30 வயதிலும் பருவா?

பரு என்பது வாலிப வயதில் வந்து, தானே போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பலருக்கு அப்படித்தான் போகிறது. எல்லோருக்கும் அல்ல. 25 வயதைத் தாண்டியும், 30, 40 வயதிலும் பரு வருகிறவர்கள் ஏராளம். அவர்களில் பெண்களே அதிகம். கையில் குழந்தை இருக்கும். முகத்தில் பருவும் இருக்கும்!

பெரியவர்களுக்கு வரும் பரு பெரும்பாலும் தாடையிலும், மோவாயிலும், கழுத்தின் மேல்பக்கத்திலும் வருகிறது. தொட்டால் வலிக்கும். மாதவிலக்குக்கு நாலைந்து நாள் முன்னால் சிலருக்கு அதிகமாகும்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. இவர்களில் பலருக்குப் பரு புதிதாக வந்ததே அல்ல. பள்ளிக்கூட வயதில் தொடங்கியது, போகவே இல்லை. வருஷக்கணக்கில் கிள்ளியும், தேய்த்தும், கண்டதைப் பூசியும் காலம் போயிருக்கிறது. பரு ஒன்று ஆறினால் இன்னொன்று வரும். ஆனால் குழி விழுந்த தழும்பு ஒரு முறை வந்தால் சுலபத்தில் போகாது. ஆகவே, கவனம் தேவைப்படுவது 12, 13 வயதிலேயே.

தோலுக்குள்ளே நடப்பது

நம் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவை மயிர்க்கால்கள். ஒவ்வொரு மயிர்க்காலையும் ஒட்டி, சிறிய எண்ணெய்ச் சுரப்பி ஒன்று இருக்கிறது. அது சுரக்கும் எண்ணெய் மேலே வந்து தோலை வறண்டு போகாமல் காக்கிறது. இது இயற்கை.

பருவ வயதில் உடம்பில் சில ஹார்மோன்கள் அதிகமாகின்றன. அவை அந்தச் சுரப்பியை முடுக்கிவிடுகின்றன. எண்ணெய் அதிகமாகிறது. அதே சமயம், துவாரத்தின் உட்பக்கத்தில் உதிரும் செத்த தோல் செதில்கள் வெளியே வராமல், எண்ணெயோடு சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. துவாரம் மூடிவிடுகிறது. உள்ளே எப்போதும் குடியிருக்கும் கிருமிகள் பெருகுகின்றன. அந்த இடம் சிவந்து வீங்குகிறது. அதுதான் பரு.

இந்த அடைப்பு ஒரே இரவில் ஏற்படுவதில்லை. இன்று முகத்தில் தெரியும் பரு, பல வாரங்களுக்கு முன்பே தோலுக்குள் தொடங்கிவிட்டது!

மூக்கின்மேல் கரும்புள்ளிகள் தெரிகின்றனவே, அவை அழுக்கு என்று பலர் எண்ணுகிறார்கள். அவை அழுக்கு அல்ல. அடைத்திருக்கும் பொருளில் தோலின் கறுப்பு நிறமி கலந்திருக்கிறது. அது காற்றுப் பட்டுக் கறுத்துத் தெரிகிறது. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது.

பரு வந்தவர்கள் அசுத்தமானவர்கள் அல்ல. இதைப் பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். "முகம் கழுவ மாட்டாயா?" என்று உறவினர் முன்னிலையில் கேட்பது பிள்ளைகளின் மனத்தை நோகடிக்கும். அந்தப் பிள்ளை ஏற்கெனவே நாளைக்குப் பத்துத் தடவை கழுவிக்கொண்டிருக்கும்.

சோப்பும் எலுமிச்சம்பழமும்

ஆரோக்கியமான தோலின் மேல்பரப்பில் லேசான புளிப்புத் தன்மை உண்டு. அது தோலுக்குக் காவல். சாதாரணச் சோப்புக் கட்டியோ காரத்தன்மை உள்ளது. நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் சோப்புப் போட்டுத் தேய்த்தால் காவல் போய்விடும். தோல் வறண்டு எரியும். எரிகிற தோலில் பருவும் அதிகமாகும்.

பீர்க்கங்காய் நார், சொரசொரப்பான துண்டு, கரகரப்பான மாவு ஆகியவற்றால் முகத்தைத் தேய்ப்பதும் அப்படித்தான். எலுமிச்சம்பழச் சாற்றை நேராக முகத்தில் பூசுகிறார்கள். தோல் புண்ணாகும், பூசிக்கொண்டு வெயிலில் போனால் கருகியும் போகும். பருவின்மேல் பற்பசை வைப்பவர்களும் உண்டு. பற்பசை பல்லுக்குச் செய்தது!

நம்முடைய தோலுக்கு இன்னொரு குணம் உண்டு. கறுத்த, மாநிறத் தோலில் எங்கே புண் பட்டாலும் அந்த இடத்தில் கறை விழும். பரு ஒரு வாரத்தில் ஆறிவிடும். கறை பல மாதம் நிற்கும். கிள்ளினால் கறை இன்னும் ஆழமாகும். வெயில் பட்டாலும் அப்படியே.

தலையெண்ணெய்

தலைக்கு எண்ணெய் வைப்பது நம் வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் எண்ணெய் நெற்றிக்கு வழியக்கூடாது. தலையில் தடவும் எண்ணெய்ப் பசையால் நெற்றியிலும் பொட்டுகளிலும் சின்னச் சின்னப் பருக்கள் வருவதை அமெரிக்க டாக்டர்கள் 1970-ம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார்கள். அங்கே தலைக்குத் தடவும் 'பொமேட்' காரணம். இங்கே தேங்காய் எண்ணெயும் அதே வேலையைச் செய்யும்.

எண்ணெய் வைத்தால் முடியைப் பின்னால் வாரிக் கட்டிவிட்டு, நெற்றியைத் துடைத்துவிடலாம். தலையணை உறையை அடிக்கடி துவைத்துப் போடலாம். ஹெல்மெட் போடுகிறவர்கள், அதன் வாரில் படியும் வியர்வையையும் எண்ணெயையும் துடைத்து வைப்பது நல்லது. காசு செலவில்லாத காரியங்கள்.

சாப்பாடு

எண்ணெய்ப் பலகாரம் தின்றால் அந்த எண்ணெய் முகத்தில் வழியும் என்று சொல்வது சரியல்ல. முகத்து எண்ணெயைச் சுரப்பது தோல்தான், வடை அல்ல.

சாக்லெட் தின்றால் பரு வருமா என்று 1969-ல் அமெரிக்காவில் 65 பேரிடம் சோதித்தார்கள். வராது என்று முடிவு சொன்னார்கள். ஆனால் ஒப்பிடக் கொடுத்த போலிச் சாக்லெட்டிலும் சர்க்கரை நிறைய இருந்தது என்று பிறகு குறை சொல்லப்பட்டது. 2007-ல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஆய்வில், இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத சாப்பாட்டை 12 வாரம் சாப்பிட்ட வாலிபர்களுக்குப் பரு குறைந்தது. ஆகவே இனிப்புப் பானங்களையும், மைதாப் பண்டங்களையும் குறைப்பது நல்லதே. அதற்காக வளரும் பெண்ணைப் பட்டினி போடுவது அறியாமை.

அந்தச் சின்ன டியூப்

இனி, பக்கத்து வீட்டு அக்காள் கொடுத்த டியூபுக்கு வருவோம். பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மருந்துக் கடையில் "முகத்துக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. கரப்பான் போன்ற நோய்களுக்கு டாக்டர்கள் அளவாகக் கொடுப்பது அதுதான். முகத்துக்கு, மாதக்கணக்கில், தானாகப் பூசிக்கொள்வதுதான் விபரீதம்.

பூசிய சில நாளில் சிவப்பு அடங்கும். முகம் கொஞ்சம் வெளுக்கும். "அடடா, என்ன நிறம்!" என்று நாலு பேர் சொல்வார்கள். அதிலே மயங்கிப் போகிறவர்கள்தான் அதிகம். சில வாரம், சில மாதம் போகும். தோல் மெலியும். உள்ளே இருக்கும் இரத்தக் குழாய்கள் சிவப்பு நூல்போலத் தெரியும். மீசை அரும்பியதுபோல் முடி வளரும். பூசுவதை நிறுத்தினால் முகம் எரியும். பரு கொத்துக் கொத்தாகக் கிளம்பும். பயந்துபோய் மறுபடியும் அதே டியூபை வாங்குவார்கள். கள்ளுக்கடைக்குத் திரும்பத் திரும்பப் போகும் குடிகாரன் கதைதான்!

இது கற்பனை அல்ல. இந்தியாவில் 12 தோல் சிகிச்சை மையங்களில், முகக் கோளாறுக்காக வந்த 2,926 பேரை டாக்டர்கள் விசாரித்தார்கள். 433 பேர் முகத்துக்கு ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஏற்பட்ட கெடுதல்களில் முதலிடம் எதற்கு? பருவுக்கே! 2011-ல் இந்த ஆய்வு வெளியாயிற்று.

2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு. ஆனால் உத்தரவு காகிதத்தில் இருந்தால் போதாது. சீட்டு இல்லாமல் கேட்பவருக்கு "இல்லை" என்று சொல்லும் கடைக்காரர் வேண்டும். சீட்டு எங்கே என்று கேட்டதற்குக் கோபித்துக்கொள்ளாத வாடிக்கைக்காரரும் வேண்டும். அதிகாரிகள் கடைகளில் அடிக்கடி சோதனை போட வேண்டும். சிவப்பாக வேண்டும் என்ற ஆசையைத் தூண்டும் விளம்பரங்கள் இருக்கிறவரையில் இந்த வியாபாரம் ஓயாது.

டாக்டரிடம் எப்போது போகவேண்டும்?

கலியாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஓடுகிறார்கள். அது பிரயோஜனம் இல்லை. பருவுக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. பென்சாயில் பெராக்சைடு, அடாபலின் போன்றவை பல காலமாகப் பயன்படுகின்றன. ஆனால் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். முதல் சில வாரம் தோல் கொஞ்சம் வறளும். "இது ஒத்துக்கொள்ளவில்லை" என்று பத்தாம் நாள் நிறுத்திவிடுகிறவர்கள் பலர்.

பரு ஆழமாக இருந்தால், வலித்தால், குழி விழ ஆரம்பித்தால் காத்திருக்கக் கூடாது. பெண்களுக்குப் பருவோடு மாதவிலக்குத் தவறுவதும், முகத்தில் முடி வளர்வதும் சேர்ந்திருந்தால், சினைப்பைக் கோளாறு இருக்கலாம். அதையும் டாக்டர் பார்க்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களும், கர்ப்பம் தரிக்க இருப்பவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடும் பருவுக்குக் கொடுக்கும் ஐசோடிரெட்டினாயின் என்ற மாத்திரை வயிற்றுச் சிசுவை ஊனமாக்கக்கூடியது. அதைத் தானாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.

கலியாணம் ஆனால் பரு போய்விடும் என்பது வெறும் பேச்சு. எண்ணெய்ச் சுரப்பிக்குத் தாலி தெரியாது. அந்தப் பேச்சை நம்பிச் சும்மா இருந்த வருஷங்களில்தான் தழும்புகள் விழுகின்றன.

வீட்டில் செய்யவேண்டியது

பிள்ளைகளுக்கு முதல் பரு தெரியும்போதே அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கலாம். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, காரமில்லாத முகம் கழுவும் திரவத்தைக் கையில் எடுத்து, விரல் நுனியால் மெல்லத் தடவிக் கழுவ வேண்டும். துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக்கூடாது. விளையாடி வியர்த்து வந்தால் வெறும் தண்ணீர் போதும். தோல் வறண்டால், துவாரத்தை அடைக்காத லேசான ஈரப்பசைக் களிம்பு பூசலாம். வெயிலில் போகும்போது குடையோ சன்ஸ்கிரீனோ வேண்டும். இதற்குமேல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பத்துக் குப்பிகள் வாங்கிக் கொடுப்பது காசுக்குக் கேடு.

இவ்வளவு செய்தாலும் பரு வராமலே போய்விடும் என்று சொல்வதற்கில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். ஆனால் வந்த பரு குழியாகாமல் தடுக்கலாம்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் டியூப்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பல நாளாக அதைப் பூசி வருகிறவர்கள், அந்த டியூபையும் கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போக வேண்டும். அதை எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார். அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையில் போய்ச் சீட்டு வாங்கினால் அங்கேயே காட்டலாம்.