அமியோடரோன்: துடிப்பைச் சீராக்கும் மாத்திரைக்கு ரத்தப் பரிசோதனை எதற்கு?

இதயத் துடிப்பு தாறுமாறாகும்போது டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்துகளில் முக்கியமானது அமியோடரோன். மத்திய அரசு 2022 செப்டம்பரில் வெளியிட்ட அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் இதுவும் இருக்கிறது. அதனால் விலைக்கு உச்சவரம்பு உண்டு. ஆனால், மாத்திரை வாங்குவதோடு இந்தச் சிகிச்சை முடிந்துவிடாது. பழைய சீட்டைக் காட்டி மாசாமாசம் மாத்திரையை மட்டும் வாங்கிப் போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. ஏன்?

துடிப்பு எப்படித் தடுமாறுகிறது?

இதயம் இயங்குவது மின் அலையால். சோடியமும் கால்சியமும் செல்லுக்குள் நுழைய, பொட்டாசியம் வெளியேற, ஒரு துடிப்பு முடிகிறது. அடுத்த துடிப்புக்கு முன் செல்லுக்குச் சிறு ஓய்வு தேவை. அந்த ஓய்வு போதாதபோது மின் அலை ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி வரலாம். மேலறைகளில் துடிப்பு இப்படிக் குழம்பினால் ரத்தம் தேங்கி உறைந்து பக்கவாதம் வரலாம். கீழறைகளில் நடந்தால் சில நிமிடங்களில் உயிரே போகலாம்.

மருந்து என்ன செய்கிறது?

பொட்டாசியம் வெளியேறும் வாசலை அமியோடரோன் அடைக்கிறது. செல்லின் ஓய்வு நீள்கிறது; சுற்றிவரும் அலைக்கு வழி கிடைக்காமல் அடங்கிவிடுகிறது. துடிப்பு மருந்துகளை நான்கு வகையாகப் பிரிப்பார்கள். இதை மூன்றாம் வகையில் வைத்தாலும் சோடியம், கால்சியம் வாசல்களையும் அட்ரினலின் தூண்டுதலையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. அதாவது, நாலு வேலையையும் ஒரே மருந்து பார்க்கிறது.

உடம்பில் எவ்வளவு நாள் தங்கும்?

இது கொழுப்பில் கரையும் மருந்து. கொழுப்பு, கல்லீரல், நுரையீரல் என்று போய்ச் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் ஆரம்பத்தில் அதிக அளவு கொடுத்து, பிறகு குறைக்கிறார்கள். மாத்திரையை நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் உடம்பில் இருக்கும். பக்கவிளைவு வந்தால் உடனே விலகாததற்கும் இதுவே காரணம்.

தைராய்டுக்கு என்ன சம்பந்தம்?

200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. அதில் தினமும் ரத்தத்தில் கலப்பது சுமார் 6 மில்லிகிராம். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையோ 0.15 மில்லிகிராம்தான். கிட்டத்தட்ட 40 மடங்கு! இதனால் சிலருக்குத் தைராய்டு சுரப்பு குறையும், சிலருக்குக் கூடும். கூடினால், எந்தத் துடிப்புக் கோளாறுக்காக மாத்திரை கொடுத்தார்களோ அதுவே திரும்பி வரலாம்.

இன்னும் கவலைக்குரியது நுரையீரல் பாதிப்பு. வறட்டு இருமலும் மூச்சுத் திணறலும் வந்தால் ‘சளிதானே’ என்று விட்டுவிடக் கூடாது. கல்லீரலும் பாதிக்கப்படலாம். வெயில் பட்டால் தோல் சிவக்கும்.

அப்படியானால் ஏன் கொடுக்கிறார்கள்?

மாற்று எளிதல்ல. மாரடைப்பு வந்தவர்களுக்கு ஃப்ளெகெய்னைடு, என்கெய்னைடு மருந்துகள் கூடுதல் துடிப்புகளை அடக்கின. ஆனால் மரணங்களை அதிகரித்தன என்று 1989-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அயோடினை நீக்கி உருவாக்கிய ட்ரோனெடரோன் 2009-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2011-ல், மேலறைத் துடிப்புக் குழப்பம் நிரந்தரமாகிவிட்டவர்களிடம் நடந்த ஆய்வில் பக்கவாதமும் இதய மரணமும் கூடியதால் அந்த ஆய்வையே நிறுத்த வேண்டியதாயிற்று. பலவீனமான இதயம் உள்ளவர்களுக்கு இன்றும் டாக்டர்கள் நம்பும் சில மருந்துகளில் அமியோடரோன் ஒன்று.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

* தொடங்கும் முன்பும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் தைராய்டு, கல்லீரல் பரிசோதனை.
* ஆண்டுதோறும் இசிஜி, மார்பு எக்ஸ்ரே.
* வார்ஃபரின், டிகாக்சின், சிம்வாஸ்டாடின் சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அமியோடரோனுடன் சேரும்போது அவற்றின் வீரியம் கூடும். அளவைக் குறைக்க வேண்டிவரும்.
* பயந்துபோய் தானாக நிறுத்தக் கூடாது.

அரசின் விலை உச்சவரம்பு மாத்திரைக்குத்தான். இந்தப் பரிசோதனைகளுக்கு அல்ல. மாத்திரை கைக்கெட்டும் விலையில் கிடைத்தும், அதைக் கண்காணிக்கும் பரிசோதனை எட்டாமல் போனால் சிகிச்சை பாதியில்தான் நிற்கும்.